வாங்கி

திரொம்சோ நிலையத்தின் பின்கூடத்தில்
அடுக்கின் மூன்றாம் வரிசை.
நாலு விரல் உயரக் கறுப்புப் பெட்டி,
முன்முகத்தில் சின்னத் திரை,
அம்புப் பொத்தான்கள், ஒரே ஒரு விளக்கு.
வாங்கி என்றால் வாங்கிதான்.
வந்த வழியே ஒரு சொல்லையும்
அதனால் திருப்பி அனுப்ப முடியாது.

ஆறே முக்காலுக்கு அவசரப் பதிவு வந்தது.
ஏழிலிருந்து இருபது நிமிடம்.
போட்ஸ்ஃபியூர் துறைமுகம். ஒரு வண்டி, ஒரு கேமரா.

பதினோராயிரத்து எண்பத்திரண்டில்
ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது போனால்
ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு.
(பெட்டியே கழித்துக்கொள்ளும்.
ஆனாலும் தாளின் ஓரத்தில் ஒருமுறை
நானும் கழிக்காவிட்டால் கை ஓடாது.)
குறியீட்டு வேகம் ஏழாயிரத்து இருநூறு.
செங்குத்து முனைவாக்கம், பதின்மூன்று வோல்ட்.
ஒருமுறை மறதியில் பதினெட்டு கொடுத்து
எந்த நாட்டுக் குதிரைப் பந்தயத்தையோ
பத்து நொடி செய்திக்குள் ஓடவிட்டவள் நான்.

விளக்கு சிவப்பு. சிவப்பேதான்.

இவ்வளவு வடக்கே வந்துவிட்டால்
தட்டம் அண்ணாந்து பார்ப்பதில்லை.
எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பதுபோல்
கடலுக்குப் பத்துப் பாகை மேலே பார்க்கிறது.
நிமிர்ந்து நிற்பதால் பனி தங்காது என்று
தெற்கிலிருந்து வந்த பொறியாளர் எழுதிவைத்திருக்கிறார்.
ஈரப்பனியை அவர் பார்த்ததில்லை.
துடைப்பத்தோடு வெளியே போனேன்.
நண்பகலிலும் இருட்டாயிருந்த நாள்,
இப்போது இன்னும் கொஞ்சம் இருட்டு.
திரும்பி வந்தபோது விளிம்பு எண்
பூஜ்யம் புள்ளி ஒன்பதிலிருந்து
நாலு புள்ளி இரண்டுக்கு ஏறியிருந்தது.
விளக்கு பச்சை.

படம் இல்லை. பூட்டின் சாவி வேண்டும்.
வண்டியிலிருந்து ஐலிஃப் வாசிக்கிறான்,
பன்னிரண்டு எழுத்தும் எண்ணும்,
பாதியைக் காற்று தின்றுவிடுகிறது.
"பெர்கனில் வரும் எழுத்தா, டிராமெனிலா?"
"டிராமென்! டிராமென்!"
அந்த ஒரு எழுத்தை மாற்றியதும்
வண்ணப்பட்டைகள், ஒரு ஊளை ஒலி,
பிறகு பட்டைகள் விலகி
ஒரு பெண்.

யூருன். படகுக் கம்பெனிக்காரி.
ஏழு ஆறு. நேரலை ஏழு பன்னிரண்டுக்கு.
இடையில் இருக்கும் ஆறு நிமிடம் யாருடையதும் அல்ல;
தொழிலில் அதற்கு ஒரு பெயரும் கிடையாது.
யாருடைய கையோ அவள் காலரைச் சரிசெய்கிறது.
ஒலியின் முதல் ஜோடியில் அலை, சங்கிலி,
அவள் மூச்சு.
கையில் தாள். ஐந்து பெயர்கள்.
சொல்லிப் பார்க்கிறாள்.
மூன்றாவதில் நிற்கிறாள்.
முதலிலிருந்து.
மூன்றாவதில் நிற்கிறாள்.
தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறாள், எடுக்கிறாள்.
அப்புறம் நேராக லென்ஸைப் பார்த்து,
"இப்போது யாராவது பார்க்கிறார்களா?"

"இல்லை," என்கிறது ஐலிஃபின் குரல்.
"இன்னும் யாரும் இல்லை."

ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்தேன்.
அது என் வேலை. செய்ய வேறொன்றும் இல்லை.
என்றாலும் நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டேன்.

ஏழு பன்னிரண்டு. ஒரு நிமிடம் நாற்பது நொடி.
ஐந்து பெயரையும் தடங்காமல் சொன்னாள்,
மூன்றாவதை மற்றவற்றைவிட வேகமாக.
அரங்கில் யாரோ "சுத்தமாக வந்தது" என்றார்கள்.
சமிக்ஞையைச் சொன்னார்கள்.

ஏழு இருபதுக்கு வண்டி அலையை நிறுத்தியது.

அமைப்புகளில் ஏழாவது பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு:
சமிக்ஞை போனால் என்ன காட்ட?
கறுப்பு. பட்டைகள். கடைசிச் சட்டகம்.
கடைசிச் சட்டகம் என்றுதான் எப்போதும் வைத்திருக்கிறோம்,
பார்ப்பவர் திடுக்கிடக் கூடாதாம்.
எனவே யூருன் இருந்தாள்,
ஒரு கண் பாதி மூடி,
ஒலிவாங்கியைக் கழற்ற உயர்ந்த கை மங்கலாக.
இந்நேரம் காரில் ஏறியிருப்பாள்.
யார் வீட்டுக்காவது போய்க்கொண்டிருப்பாள்.

அம்பு, அம்பு, அம்பு, சரி.
கறுப்பு.

ஏழே முக்காலுக்குக் கால்பந்து.
கிடைமட்டம். பதினெட்டு வோல்ட்.