நாற்பது நொடி

இன்வர்கார்கில் நகரத்தில்
ஜூலை மாதக் காலை என்பது
இரவின் பின்வாசல்.
தென்துருவத்திலிருந்து கிளம்பும் காற்று
நடுவில் எங்கும் நின்று இளைப்பாறுவதில்லை.
செவ்வாய், ஏழு மணிக்கு ஐந்து நிமிடம்.
பவுலிங் கிளப்பின் கதவைத் தள்ளுகிறேன்.
உள்ளே பதினான்கு பேர்.
பதினான்கு பேரும் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள்.
பதினான்கு பேரும் இன்று ஷூ போட்டிருக்கிறார்கள்.

மேசை நடுவில்
முட்டை வேகவைக்கும் கடிகாரம்.
ஆளுக்கு நாற்பது நொடி:
பெயர், தொழில், எப்படிப்பட்ட ஆள் வேண்டும்.
தலைவி மொய்ரா டன்டாஸ்
நாய்களுக்கு மழைக்கோட்டு தைப்பவர்,
மணி அடித்தால் பாதிச் சொல்லிலும் வெட்டிவிடுவார்.

பெவன் கார் கொட்டகையில் மண்புழு வளர்க்கிறான்.
"கிலோவுக்கு நாலாயிரம், சந்தேகமிருந்தால் எண்ணிக்கொள்ளலாம்."
வாராவாரம் சொல்கிறான்,
வாராவாரம் அவனே சிரிக்கிறான்.
செலுசி மூன்றடுக்குக் கேக் செய்கிறாள்.
உயரமான வேன் வைத்திருப்பவர் யாராவது?
மே மாதத்திலிருந்து கேட்கிறாள்.

என் முறை.
ரோனா, ஆட்டுப் பண்ணைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்,
இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.
வாயைத் திறந்தேன், வெறும் காற்று.
பிறகு துருப்பிடித்த கேட் போல ஒரு கிறீச்.
கணக்கு என் தொழில், அங்கேயே போட்டுப் பார்த்தேன்:
சனிக்கிழமை மதியம் பெட்ரோல் பங்கில்
"ரசீது வேண்டும்" என்றதற்குப் பிறகு
நான் பேசிய முதல் சொல்
என் பெயர்.

மணி அடித்தது.

சீஸ் ரோல் வந்தது, வெண்ணெய் விரலில் வழிய வழிய
விசிட்டிங் கார்டுகள் கைமாறின.
என் பையில் மூன்று வருஷத்துக் கார்டுகள்,
சீட்டுக்கட்டைவிடத் தடிமன்,
ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

பக்கத்து நாற்காலி வைமாரியா
குரல் விற்கிறாள்.
துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து
"விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்."
"கம்பளிக்கு நல்ல காது," என்றாள்,
"கேட்டதைத் திருப்பிச் சொல்லாது."
பிறகு குனிந்து, ரகசியம் போல:
"வாஷிங் மெஷின் சுழலும்போது நீ போன் எடுக்காதே.
போன வருஷம் கூப்பிட்டேனே,
கப்பலில் இருக்கிறாய் என்று நினைத்து வைத்துவிட்டேன்."
மறைத்து வைத்திருந்த என் அலுவலகம்,
சோப்புத்தூள் அலமாரி, ஈரத் துண்டுகள் எல்லாம்
மேசைமேல் வந்து உட்கார்ந்தன.

வியாழக்கிழமை.
மின்சாரக் கம்பெனி யாருடைய பில்லையோ
என் பெயருக்கு அனுப்பியிருந்தது.
காத்திருப்பு.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்."
அவள்தான்.
ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை அவள்.
"முக்கியம்" முடிகிற இடத்தில்
கூர்ந்து கேட்டால்
ஒரு ஹேங்கர் மற்றொன்றில் இடிக்கிறது.
ஐந்தாவது முறை, "சரி, வைமாரியா" என்றேன்.
ஆறாவது முறை, இங்கே ஆலங்கட்டி மழை என்றேன்.
ஏழாவது முறை என்ன சொன்னேன் என்பதை
எழுதுவதாக இல்லை.
எட்டாவதற்கு முன் நிஜமான ஆள் ஒருவர்
ஹலோ என்று குறுக்கே வந்தார்.
கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த செவ்வாய் பரிந்துரைச் சீட்டு எழுதும் நாள்:
யாருக்கு, என்ன வேலை, எவ்வளவு தொகை.
பெவனுக்கு ஒரு ரோஜாத் தோட்டம் கிடைத்தது.
வைமாரியாவுக்கு நான் எழுதினேன்:
"ஹேங்கர் இடிக்கிறது. மாற்றிவிடாதே."
படித்தாள்.
சிரித்தாள்,
கரகரவென்று, மூக்கால், நடுவில் ஒரு இருமலோடு.
எந்தக் கம்பெனியும் வாங்காத குரல் அது.
"ஞாயிற்றுக்கிழமை துவைப்பாயா?" என்றாள்,
"என் மெஷின் போன மாதமே செத்துவிட்டது."

மொய்ரா கூட்டிப் படித்தார்:
இந்த வாரம் நமக்குள் கைமாறியது
ஆயிரத்து இருநூற்று நாற்பது டாலர்.
என் சீட்டில் தொகைக் கட்டத்தைப் பார்த்து
கண்ணாடிக்கு மேலாக என்னையும் பார்த்து
ஒரு சுழியம் போட்டார்.
போடட்டும்.
என் பேரேட்டில் சுழியத்துக்கும் ஒரு வரி உண்டு.

செலுசிக்கு இன்னும் வேன் கிடைக்கவில்லை.