பத்தாவது காபி

சிறுகடைகளுக்கு வியாபாரம் சொல்லித் தருகிறவன் நான்.
மொந்தெவிதேயோ நகராட்சி
வருடத்துக்குப் பன்னிரண்டு கடைகளை
என் தலையில் கட்டும்.
ஏழாவது, மிர்த்தா எச்செவெரியின் பெட்டிக்கடை.
மருத்துவமனையின் பின்வாசல்,
அவசரப் பிரிவுக்கு நேர் எதிரே.
இரண்டு பேர் நின்றால்
மூன்றாமவர் மழையில்.

முதல் நாள், எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன்:
உங்கள் வாடிக்கையாளர் யார்?
பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"வர விரும்பாதவர்கள்."

அந்தப் பதிலுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
வயது இருபத்தைந்து முதல் அறுபது
என்று நிரப்பிக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன்.
வித்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
தூரத்திலிருந்தே தெரிகிற மஞ்சள் பலகை.
லாபம் கூடுதலான சாக்லெட், கண் மட்டத்தில்.
ஒவ்வொரு கோப்பையிலும் சிவப்பு எழுத்தில்
நன்றி, மீண்டும் வருக.
அப்புறம் அந்த அட்டை:
ஒன்பது முத்திரை விழுந்தால்
பத்தாவது காபி கடையின் கணக்கில்.

மிர்த்தா எதையும் மறுக்கவில்லை.
கடன் வாங்கியவளின் பணிவு அது.
சம்மதம் என்று நினைத்தேன்.

ஜூலையில் விற்பனை எட்டு சதவீதம் ஏறியது.
அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், அதிகாலை நாலரை.
இரவுக் கூட்டத்தை எண்ண வந்து
சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர்,
வில்மார் என்றாள் மிர்த்தா,
மடங்கிப்போன அட்டையை நீவி நீவி நீட்டினார்.
அவள் எண்ணினாள்.
அவரும் கூடவே எண்ணினார்.
"ஒன்பது ராத்திரி" என்றார்.
"இது நிரம்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று
பந்தயம் கட்டியிருந்தாள்."

மிர்த்தா காபியை ஊற்றி
கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்,
எழுத்து அவர் கண்ணில் படாதபடி.
என் பக்கம் திரும்பியது அது.
எழுதியவன் நான்தான்;
படித்தது அன்றுதான்.

இரண்டாயிரம் கோப்பை மிச்சம்.
எறிந்தால் நஷ்டம், அவள் எறியவில்லை.
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால்
எழுத்தை மூடினாள், ஒவ்வொன்றாக.
கொஞ்சத்தை மூடாமல் வைத்தாள்,
பிரசவ வார்டிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு.
அதையும் முகம் பார்த்துத்தான்.
இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பனான ஒருவன்
மீண்டும் வருக என்பதைப் படித்துவிட்டுச்
சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம்.

அட்டையை நிறுத்தியபோது என்னைக் கேட்கவில்லை.
சாக்லெட்டைக் கீழே இறக்கிவிட்டு
அந்த இடத்தில் தொங்கவிட்டாள்:
காலுறை, பல்துலக்கி, ரப்பர் செருப்பு,
வாடகைக்கு ஆறு வகை போன் சார்ஜர்.
திருப்பித் தராமல் போனவர்களை
நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.
மஞ்சள் பலகையைப் புரட்டி
முதுகில் எழுதினாள்:
எந்த வார்டு எந்த மாடி, கேளுங்கள்.
கேட்கக் காசில்லை.

மழை பெய்தால் தோர்த்தா ஃபிரித்தா பொரிப்பாள்.
வாசனை மூன்றாம் மாடிக்கு ஏறும்.
நர்ஸ்கள் சன்னலைத் திறந்து
விரலால் எண்ணிக்கை காட்டுவார்கள்.
விளம்பரச் செலவு என்ற வரியில்
எண்ணெய் என்று எழுதினேன்.

அக்டோபரில் ஏற்றம் முப்பத்தொன்று சதவீதம்.
என்ன உத்தி என்று மேலதிகாரி கேட்டார்.
பிளாஸ்திரி என்றேன்.
கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு:
திரும்ப வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர்?
வில்மார் அப்புறம் வரவில்லை.
நல்ல சேதியா, கெட்ட சேதியா
என்று மிர்த்தாவிடம் கேட்டேன்.
பால் பொங்கிக்கொண்டிருந்தது.
அவள் அதைத்தான் பார்த்தாள்.

கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது.
பூஜ்யம் போட்டு அனுப்பினேன்.

எட்டாவது கடை, சாவி வெட்டுகிறவர்.
முதல் கேள்வியை இன்னும் கேட்கவில்லை.
மூன்று நாளாக
ஓரமாக நிற்கிறேன்.