சுவரில்லாத ஒன்பது கோப்பைகள்

சட்பரியில் இன்று மைனஸ் முப்பது.
டயர்க் கடைக்குப் பின்புறம் எங்கள் சோதனைக்கூடம்:
ஒரு மேடை, அதன்மேல் ஒன்பது கழிப்பறைக் கோப்பைகள்,
ஒன்றுக்கும் சுவரில்லை.
அவசரமாய் நுழைந்த டயர்க்காரன் ஒருவன்
ஒன்பதையும் பார்த்தான், எங்களையும் பார்த்தான்,
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வந்த வழியே போனான்.

நான் எண் எழுதுகிறவன்.
சோலாஞ் லப்ரெக் விழுது பிசைகிறவள்.
சோயா விழுது. ஐம்பது ஐம்பது கிராமாய் நிறுத்து
ஆணுறையில் அடைத்து முடிச்சிட்டுத்
தட்டில் அடுக்குவாள்,
ஆவிக்குப் போகக் காத்திருக்கும் கொழுக்கட்டைகள் மாதிரி.
மாதம் பன்னிரண்டு பெட்டி.
மருந்துக்கடைப் பெண் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை,
வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்கிறாள்.

ஹாமில்டனிலிருந்து பனியில் ஆறு மணி நேரம் ஓட்டி
போஹ்தான் ஹ்ரின்சுக் வந்திருக்கிறார்.
பின்னிருக்கையில், சீட் பெல்ட் போட்டு,
போர்வைக்குள், அவர் வரைந்த கோப்பை.
மூன்று வருட வரைபடம்.

கைப்பிடி தாழ்ந்தால் உள்ளே நெம்புகோல் எழும்.
பதினோரு கண்ணிச் சங்கிலி விறைத்து
ரப்பர் மூடியைத் தூக்கும்.
பன்னிரண்டாவது கண்ணி வேண்டாம்;
தொங்கல் மூடிக்கடியில் சிக்கி
விடிய விடிய ஒழுகும், காதுக்குக் கேட்காது,
தண்ணீர் பில்லுக்குக் கேட்கும்.
தொட்டியின் நாலே முக்கால் லிட்டரும்
ஒரே மூச்சில் இறங்கும்.
கொஞ்சம் விளிம்புத் துளைகளில் சுழலும்,
மிச்சம் அடித்தாரையாய்ப் பாயும்.
பிறகு அந்த வளைவு.
தூக்கி மடித்த துதிக்கைபோல
பீங்கானுக்குள் ஒளிந்திருக்கும் மேடு.
நீர் அதில் ஏறி, உச்சி தாண்டி,
அந்தப் பக்கம் குழாய் அடைய நிறைந்து விழவேண்டும்.
நிறைந்துவிட்டால்
விழுகிற தண்ணீரே வருகிற தண்ணீரை
மேட்டுக்கு மேல் இழுத்துக்கொள்ளும்.
மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை.
நடுவில் காற்று நுழைந்தால்
களக்கென்று ஒரு விக்கல்,
அதோடு பிடி விட்டுப்போகும்.

நானூறு கிராம். போனது.
ஐநூறு. போனது.
போஹ்தானின் உதடு அசைந்தது,
ஜெபமோ பெருக்கல் கணக்கோ.
அறுநூறு.
சுழன்றது, முங்கியது, உச்சிவரை போய்
மனம் மாறியதுபோல்
ஒரே ஒரு கொழுக்கட்டை திரும்பி வந்து மிதந்தது.

இன்னொரு தடவை, என்றார்.
இன்னொரு தடவையும்
ஒன்று திரும்பி வந்தது.

சோலாஞ் கையுறை மாட்டி
முழங்கைவரை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.
சந்தையில் மீனின் செவுளைத் துழாவும் முகம்.
இங்கே, என்றாள்.
மெருகில் தங்கி, சூளையில் இறுகிப்போன கொப்புளம்,
கடுகளவு.
காற்று அதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது,
விக்கல் அரை விநாடி முந்துகிறது.

போஹ்தானும் விரலை விட்டார்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
வரைபடத்தில் இது இல்லை, என்றார்,
யாரிடமும் இல்லாமல்.

நான் 'தோல்வி' என்று எழுதி மூடியபோது
சோலாஞ் ஸ்கேலை எடுத்துக் கோப்பைக்குள் இறக்கினாள்.
தோற்றதை எதற்கு அளக்கிறாய்?
போனதை நிறுத்தாயிற்று,
நின்ற தண்ணீரைப் பார்க்கவேண்டாமா?
அந்தக் குட்டைதான் கதவு.
அது வற்றினால் சாக்கடைக் காற்று
வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்ளும்.
ஐம்பத்தொன்று, என்றாள். மில்லிமீட்டர்.
ஐம்பது இருந்தால் போதும்.
நான் நோட்டைத் திரும்பத் திறந்தேன்.

கிளம்புமுன் அவர் கேட்டார்,
சுவருள்ள கழிப்பறை ஏதாவது இருக்கிறதா?
இருக்கிறது. கூடத்தின் கோடியில் ஒன்று,
இருபது லிட்டர் குடிக்கிற கிழட்டுத் தொட்டி,
யாரும் சோதிக்காதது.
கதவு சாத்தியது. நேரம் போனது.
கைப்பிடி கிறீச்சிட்டது.
எழுதவேண்டிய அவசியமில்லை,
ஆனாலும் இருவரும் விநாடி எண்ணினோம்.
மூன்று. நாலு.
சத்தம் பாதியில் சோர்ந்தது.

விடாதீர்கள், என்று கத்தினாள் சோலாஞ்,
அழுத்தியே பிடித்திருங்கள்!