கொதிக்க வைத்துக் குடிக்கவும்

ஏணியைப் பிடித்தது நான்.
ஏறியது அட்ராக்டா கில்ஹூலி,
ஐம்பத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
சுயேச்சை.
தன் முகத்தைத் தானே கம்பத்தில் கட்டுவது
ஒரு மாதிரியாகத்தான் இருக்கு என்றாள்,
பிளாஸ்டிக் பட்டையைப் பல்லில் கடித்தபடி.

மலிவாக அச்சடித்ததில்
முகம் லேசாகப் பச்சையோடியிருந்தது.
"நம்ம ஊர்த் தண்ணியைக் குடிச்சா
இப்படி ஆகும்னு கீழே எழுதிடலாமா?" என்றேன்.
அவள் சிரித்ததில் ஏணி ஆடியது.

மூன்று வருடம், நான்கு மாதம்.
அயர்லாந்தில், லீட்ரிம் மாவட்டத்தில்,
பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணக்கூடிய டிரம்கோவில்
குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.
அறிவிப்பு தபால் நிலையக் கதவில் இருக்கிறது.
தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள்.
அறிவிப்பு அப்படியே இருக்கிறது.

தேர்தல் அறிக்கை என்று எதுவும் இல்லை அவளிடம்.
ஒரு ஜாம் பாட்டில்.
உள்ளே அவள் வீட்டுத் தண்ணீர்,
ஒன்பது நாள் தெளிய வைத்தும் தேநீர் நிறம்.
வீடு வீடாக அதைத் தூக்கிக் காட்டினாள்.
எங்க வீட்டுலயும் இதே என்றார்கள்,
கெட்டிலைப் போட்டார்கள்.
ஒரு நாளில் பதினேழு கோப்பை.
கட்சிக்காரர்களுக்குத் தெருவுக்குத் தெரு அலுவலகம்;
நாங்கள் ஒதுங்கப்
புதர்தான் தேடினோம்.

உல்டன் மக்கோவர்ன் வாசலில் நாய் கடித்தது.
காலுறையை மேலே இழுத்து ரத்தத்தை மறைத்துக்கொண்டு
பாலத்தில் எரியாத விளக்கைப் பற்றிப் பேசினாள்.
அவர் கடைசி வரை கேட்டார்.
"நீ சொல்றது அத்தனையும் சரி, அட்ராக்டா.
ஆனா எங்க தாத்தா அன்னைக்கு எந்தப் பக்கம் நின்னு சுட்டாரோ
அந்தப் பக்கம்தான் எங்க ஓட்டு."
நூறு வருடத்துத் துப்பாக்கி.
குழாய் இன்னும் சூடு ஆறவில்லை.

விளையாட்டரங்கில், கூடைப்பந்து வளையத்தின் கீழ்
எண்ணினார்கள்.
எங்கள் நாட்டில் ஓட்டு லேசில் சாகாது.
ஒன்று என்று எழுதிய ஆள் விழுந்தால்
இரண்டு என்று எழுதிய ஆளிடம் போய்விடும்.
முதல் சுற்றில் அவளுக்கு அறுநூற்றுப் பதினொன்று.
ஏழாம் சுற்றில் ஒலிபெருக்கி
அவள் பெயரைத் தப்பாகச் சொல்லி வெளியேற்றியது.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். வரவில்லை.
ரப்பர் வளையங்களைக் கழற்றி
சீட்டுக்கட்டு போடுவதுபோல
அவள் ஓட்டுகளை மற்றவர்களுக்குப் போட்டார்கள்.
தடுப்புக் கம்பியில் சாய்ந்து
ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பார்த்தாள்,
பேருந்தில் இருந்து இறங்கிய பிள்ளை
வீட்டுக் கேட்டைச் சாத்தும் வரை பார்ப்பாளே,
அந்தப் பார்வை.

கார்மக் ட்ரேசி கடைசி இடத்தைப் பிடித்தான்.
தோளில் தூக்கிச் சுற்றினார்கள்.
இறங்கிவந்து அவளுக்குக் கை கொடுத்தான்.
அவள் கையை விடவில்லை.
"உன்னோடதுல என்னோடது எத்தனை?"
"நிறைய."
"எத்தனை?"
சிரிப்பு வற்றி,
இருநூற்று முப்பத்தெட்டு என்று
அவன் வாயால் சொன்ன பிறகுதான் விட்டாள்.

ஏழு நாளுக்குள் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும், சட்டம்.
மழை. அதே ஏணி.
அப்போதுதான் சொன்னேன்,
எண்ணிக்கை தொடங்குமுன்
செல்லாத சீட்டுகளை ஏஜெண்டுகளுக்குக் காட்டினார்களே,
அதில் ஒன்று.
உன் பெயருக்கு எதிரே கட்டத்தில் எண் இல்லை.
பென்சிலில், கோணல் எழுத்தில்,
*நாய்க்காக மன்னிக்கவும்.*
வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மேலே குறடு நின்றது.
பச்சை முகம் ஒரு பட்டையில் தொங்கியது.
"அறுநூற்றுப் பன்னிரண்டு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஏணி ஆடுதுடா, சரியாப் பிடி."

நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன்.