இரண்டாம் தவணை

கோப்பு மேலே போய் இன்றோடு பதினோரு நாள்.
போன வேகத்தில் திரும்பிவிடும் என்று
முதல் நாள் வாசலில் காரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.
அவையில் மேசை தட்டிய ஓசை அடங்கும் முன்
சிவப்பு நாடா கட்டி, 'மிக அவசரம்' சீட்டு ஒட்டி
லக்பத்தின் கையில் கொடுத்தவன் நான்.
போருக்கான பணம்.
ஒரு கையெழுத்து பாக்கி.

ஜனவரி. ரைசினா குன்று பனிமூட்டத்தில்
கழுத்துவரை முங்கிக் கிடக்கிறது.
கீழே இந்தியா கேட் சாலையில் அணிவகுப்பு ஒத்திகை.
ஆட்கள் தெரியவில்லை,
பூட்ஸ் சத்தம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

கேன்டீனில் ஆளுக்கொரு காரணம்.
கட்சிக்குள் தகராறு என்கிறார் பட்நாகர்.
கண்புரை ஆபரேஷன், குனியக் கூடாதாம் என்கிறாள் ஹர்விந்தர்.
தொலைக்காட்சியில் ஒருவர் குடியரசுத் தலைவரைக் கோழை என்றார்,
இன்னொருவர் அதற்கும் மேலே போனார்.
சட்டம் படித்த ஒருவர் மட்டும் நிதானமாக,
பண மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லை,
ஒப்பலாம், ஒப்பாமல் இருக்கலாம்,
எத்தனை நாளுக்குள் என்று எங்கும் எழுதவில்லை
என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
சிமெண்ட் விளம்பரம் வந்துவிட்டது.

எனக்கு ஒன்று தெரியும். யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள்
அனுபந்தம் நான்கின் நகல் மட்டும் கீழே வந்தது.
கேள்வி இல்லை, குறிப்பு இல்லை.
முப்பத்தேழாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.
அழுத்தி வைத்த புள்ளி.
தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுகிறது.

பனிக்காலணி, முதல் தவணை:
அறுபதாயிரம் சோடி.
பனிக்காலணி, இரண்டாம் தவணை, அடுத்த குளிர்காலம்:
நாற்பத்தோராயிரம் சோடி.

மற்றபடி கூடாரம், மண்ணெண்ணெய், காய்ந்த பட்டாணி.
படையில் ஒரு பகுதியைத் திரும்ப அழைப்பதாக
முன்னும் பின்னும் ஒரு வரி இல்லை.
யாரோ ஒருவர்,
நல்லவராகத்தான் இருக்க வேண்டும், வீண்செலவு பிடிக்காதவர்,
சர்க்கார் பணத்தில் ஒரு சோடிகூட மிஞ்சிவிடக் கூடாது என்று
உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

பக்கத்தின் அடியில் என் சுருக்கொப்பம்.
'கூட்டல் சரிபார்க்கப்பட்டது. தி.மே.'
கூட்டல் சரிதான்.
இருபத்திரண்டு வருஷத்தில் என் கூட்டலில் பிழை வந்ததில்லை.
கழித்துப் பார்க்கச் சொல்லி
ஒருவரும் சொன்னதில்லை.

அன்றிரவு உத்யோக் பவனில் மெட்ரோ ஏறினேன்.
எதிரே நாலைந்து பையன்கள், ஒட்ட வெட்டிய தலை,
தகரப் பெட்டிகளில் வெள்ளை பெயிண்டில் பெயர்கள்.
ஒருவன் ஷூவைக் கழற்றி
குதிகால் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தான்.
எட்டாம் நம்பர் இருக்கும்.
ராஜீவ் சவுக்கில் இறங்கும்வரை
அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்று மதியம் இணைச் செயலாளர் அழைத்தார்.
காலடியில் ஹீட்டர், தட்டில் எள் கஜக்.
"திருமேனி, இரண்டாம் தவணையையும் அறுபதாயிரம் ஆக்கிவிடுங்கள்.
அனுபந்தம்தானே. புது நகல் போகட்டும்,
புள்ளி தீர்ந்துவிடும்."
சோடி மிஞ்சுமே சார் என்றேன்.
கஜக்கை உடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.
"மிஞ்சினால் கிடங்கில் கிடக்கட்டும்."

பத்தொன்பதாயிரம் சோடி.
நாடா கோக்காமல், புது ரப்பர் வாடையோடு,
வலதும் இடதும் முகம் பார்த்துக்கொண்டு.

நாற்பத்தொன்றை அழித்துவிட்டேன்.
அறுபதை இன்னும் அடிக்கவில்லை.
காலிக் கட்டத்தில் கர்சர் துடிக்கிறது.
வெளியே ஒத்திகை எப்போது நின்றதென்று தெரியவில்லை,
பனிமூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள்.
வீட்டுக்குப் போகவில்லையா என்று
மப்ளரைச் சுற்றியபடி ஹர்விந்தர் கேட்டுவிட்டுப் போனாள்.

உட்கார்ந்திருக்கிறேன்.
எத்தனை மணிக்குள் என்று
அவர் சொல்லவில்லை.