மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது

இரண்டாம் சனிக்கிழமை, மாலை மூன்று மணி.
பினாங்கு பிஷப் தெருவில்
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
ஐம்பது நாற்காலி போட்டேன்.
போன மாதம் தபால்தலைப் பேச்சுக்கு
ஒன்பது பேர் வந்தார்கள்,
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
வரலாற்றுச் சங்கத்தின் பொருளாளராக
கறிபாப் இருபதுதான் சொல்லியிருந்தேன்.

இன்றைக்கோ படி முழுக்கச் செருப்பு.

சுவரில் அந்தப் படம், கதவகலத்துக்குப் பெரிதாக்கியது.
துறைமுகத் தொழிலாளர் நாற்பத்திரண்டு பேர்,
கிடங்கு வாசலில், நான்கு வரிசை.
பின்னட்டையில் யாரோ எழுதியிருந்தார்கள்:
மார்ச் 1956, போனஸ் கொடுத்த அன்று.
பெயர் ஒன்றுகூட இல்லை.
போனஸ் வாங்கியும் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.
நேர் வெயில், கண்ணில்.

ஆளுக்கொரு பென்சில் தந்தேன்.
பேனா கூடாது, சங்கத்தின் விதி.
தெரிந்த முகத்தின் எண்ணைப் பார்த்துப்
பட்டியலில் பெயர் எழுதுங்கள்,
உறுதியில்லையா, கேள்விக்குறி போடுங்கள் என்றேன்.
கேள்விக்குறி யாரும் போடவில்லை.

காதை வைத்துத்தான் முதலில் பிடித்தார்கள்.
"இது எங்க வீட்டுக் காது" என்று
பாகான் ஜெர்மாலிலிருந்து ஃபெரியில் வந்த பெண்
தன் மகன் தலையைத் திருப்பிக் காட்டினாள்.
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் அவன்
வரலாற்றுச் சான்றாக நின்றான்.

பதினேழு, வீரபத்திரன்.
முப்பத்தொன்று, பெயர் தெரியாது, பட்டம் "ரேடியோ".
ஒன்பதுக்கு நேரே ஒருவர்
"கடன் வாங்கித் தராதவர்" என்று எழுத
அவர் மனைவி வாங்கி அழித்தார்.

இருபத்தாறில் வந்து நின்றது.
மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது,
கழுத்தில் துண்டு, ஒரு கண் பாதி மூடி.
"எங்க வாப்பா, செய்யது மீரா.
சங்கிலி தெறிச்சு அடிச்ச கண்ணு" என்றார் ஹமீதா பீவி.
"எங்க பெரியப்பா, தேசிங்கு.
பிறவியிலேயே அப்படி" என்றார்
ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த குழந்தைவேலு.
இருவரும் கத்தவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.
அந்த அம்மா பழைய அடையாள அட்டை ஒன்றை வைத்தார்.
இவர் பணப்பையிலிருந்து மடிந்த படம் ஒன்றை.
சங்கத் தலைவர் பூதக்கண்ணாடியை
மூன்றுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்
நிமிர்ந்து சொன்னார்:
"தேநீர் இடைவேளை."

இருபது கறிபாப், அறுபத்தொரு வாய்.
மூன்றாக வெட்டினேன், உருளைக்கிழங்கு உதிர்ந்தது,
கடைசி ஆளுக்குத் தேநீர் மட்டும்.
வெட்டும்போதுதான் கவனித்தேன்:
ஒருவருக்கு இரண்டு குடும்பம் வந்திருக்கிறது.
அவர் தோளில் கைபோட்டு நிற்கும்
இருபத்தேழை
யாரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு நாற்காலி மடக்கும்போது
கோ எங் சூன் என்பவர்,
அதுவரை பென்சிலை நீட்டியே பார்க்காதவர்,
மலாயில் கேட்டார்:
இதற்கு ஏன் எண் இல்லை?

கீழ்விளிம்பில், முன்வரிசையின் காலடியில்
கறுப்பாக ஒரு மேடு.
படத்தில் விழுந்த கறை என்றே
நாங்கள் நினைத்திருந்தோம்.
"மூன்று கால் தெரிகிறதா? கேமரா நிற்கும் முக்காலி.
அதன்மேல் குனிந்திருப்பது என் அப்பா.
ஊரையே எடுத்தார்.
அவரை எடுக்க ஆளில்லை.
வீட்டில் ஒரு படமும் கிடையாது."

பட்டியல் நாற்பத்திரண்டோடு முடிந்திருந்தது.
அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்து
நாற்பத்து மூன்று என்று போட்டுக் கொடுத்தேன்.
சீனத்தில் மூன்று எழுத்து எழுதினார்,
மெதுவாக, அழுத்தி.
பிறகு பக்கத்தில்
அன்று முழுக்க யாரும் போடாத கேள்விக்குறி.
நிழல்தானே, என்றார்.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினேன்:
பெயர் கிடைத்தவர்கள் முப்பத்து நால்வர்.
இருபத்தாறுக்கு இரண்டு பெயர்,
இரண்டும் இருக்கட்டும் என்பது தலைவர் முடிவு.
நிழல் ஒன்று, சேர்க்கப்பட்டது.
இருபத்தேழு, வரும் மாதமும் சுவரில் இருப்பார்.
கறிபாப் இனி எண்பது.
பென்சில் கொடுத்தது அறுபது,
திரும்பி வந்தது நாற்பத்து நான்கு.