நாற்பது வினாடி

கறுப்புத் துணிக்குள்
ஃபியோர்டு தலைகீழாகத் தொங்கியது:
குளம்புகள் மேலாக ஆடுகள்,
அடியில் மேகம்.
உருப்பெருக்கியால் கண்ணாடியைத் துழாவி
ஒரு வேலிக்கம்பியைக் கூர்மையாக்கினேன்.
காற்றுதான் விடவில்லை.
ஒன்றரை மணி நேரம்
காமிராவின் துருத்தி படபடத்தது.
ரெய்க்யாவிக்கில் வாங்கியதில்
மிச்சம் ஒரே ஒரு தாள் ஃபிலிம்.

காற்று அடங்கியபோது
ஹால்வர்டூரின் டிராக்டர்.
முக்காலியைக் கண்டதும்
எஞ்சினை அணைத்தான், விளக்கையும்;
சாவு வீட்டைக் கடப்பவன்போலத்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

நாற்பது வினாடி.
ஓர் ஆடுகூட இருமவில்லை.

அவன் கையசைத்துப் போனபின் பார்த்தேன்:
ஃபிலிமை மூடிய தகட்டை
உருவவே இல்லை நான்.

வெள்ளிக்கிழமை, கூட்டுறவுக் கடையில்,
உப்புமீன் வரிசையில் கேட்டான்:
"படத்தில் நான் விழுந்திருக்கிறேனா?"
"இல்லை," என்றேன்.
பொய் இல்லை அது.
"நல்லது.
மலைக்கு இடைஞ்சலாகிவிட்டேனோ என்று நினைத்தேன்."